அழாத குழந்தை

பழனி மலைத்தொடரில் காப்பியும் மலைவாழையும் விளையும் ஊர் பண்ணைக்காடு. இத்தகைய மலைச்சரிவுகளில் பெய்யும் மழை, மேல்மண்ணோடு அதிலுள்ள அயோடினையும் கரைத்துச் செல்லும் இயல்புடையது. அயோடின் குன்றிய மண்ணில் விளையும் காயிலும் தானியத்திலும் அது குன்றியே இருக்கும்.

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டே தைராக்சினை உருவாக்குகிறது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்க்கு 250 வேண்டும். இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில், 1956இல் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. அயோடின் உப்பு உண்டோரிடையே முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. நம் வீடுகளிலோ, அயோடின் சேராத கல்லுப்பு இன்றும் புழங்குகிறது.

எனினும் உப்பினால் தீராத குறையும் உண்டு. சில குழந்தைகள் தைராய்டு சுரப்பி இன்றியோ, அது சரிவர வளராமலோ பிறக்கின்றன. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைபாடு உள்ளது. தாயின் தைராக்சின் கருவில் ஓரளவு வந்து சேர்வதால், பிறந்தவுடன் குறை புலப்படாது. வாரங்கள் செல்லச் செல்ல மஞ்சள் காமாலை நீடிக்கும், நாக்கு தடிக்கும், மலம் இறுகும், குரல் கரகரக்கும். பாலுக்கும் அழாமல் குழந்தை உறங்கியே கிடக்கும். 'தொல்லை தராத பிள்ளை' என வீட்டார் மகிழ்வர். அம்மகிழ்ச்சியில் கழியும் நாள்களே குழந்தைக்குப் பேரிழப்பாகின்றன.

ஏனெனில், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் மூளை மிக விரைந்து வளர்கிறது. அப்போது தைராக்சின் கிட்டாவிடில் நரம்பணுக்களின் இணைப்புகள் செம்மையாக அமையா. காலந்தாழ்த்தி மருந்தளித்தால் உயரம் பெருமளவு கூடும். இழந்த அறிவுத்திறன் முழுமையாக மீளாது. பள்ளிப் பருவத்தில் தோன்றும் குறைபாடு இத்துணைக் கொடியதன்று. வளர்ச்சி தேங்கும், பூப்பு தாமதமாகும், சோர்வு மிகும். வகுப்பில் 'சோம்பேறி' எனப் பெயரெடுத்த மாணவர் சிலர் உண்மையில் நோயுற்றவராய் இருக்கலாம் என்பதை ஆசிரியர்களாகிய நாங்களும் எண்ணிப் பார்ப்பதில்லை.

1974இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளிக் குருதியைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறை தொடங்கியது. பிறந்து இரு வாரங்களுக்குள் குறையறிந்து மருந்து தொடங்கின், குழந்தை ஏனையோரைப் போலவே வளரும். மருந்தும் அரியதன்று, நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையைப் பொடித்து, ஒரு கரண்டித் தாய்ப்பாலில் கலந்து புகட்டினால் போதும்.