உள்ளூர் முட்டையை யோசிக்காமல் வாங்குகிறோம்; உள்ளூர்க் கீரையை ஏன் திருப்பி வைக்கிறோம்?

பேரங்காடியில் அம்மா ஒரு கீரைப் பொட்டலத்தை எடுத்தார். சிங்கப்பூரில் விளைந்தது. பூச்சிக்கொல்லி சேர்க்கவில்லை என்று மேலே எழுதியிருந்தது. திருப்பி விலையைப் பார்த்தார். "கீரைக்கு இவ்ளோ காசா?" பொட்டலம் மீண்டும் அலமாரிக்கே போனது. பக்கத்தில் இருந்த மலேசியக் கீரை இரண்டு கட்டு கூடைக்குள் வந்தது.

அதே கூடையில் ஒரு தட்டு முட்டையும் இருந்தது. அதுவும் சிங்கப்பூர்ப் பண்ணையில் உற்பத்தியானதுதான். அதன் விலையைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை.

இந்த வித்தியாசத்தை நாட்டின் கணக்கிலும் பார்க்கலாம். 2024இல் நாம் சாப்பிட்ட முட்டைகளில் ஏறத்தாழ 34 விழுக்காடு இங்கு உற்பத்தியானவை. அதாவது மூன்றில் ஒன்று. நீங்கள் இந்த வாரம் முட்டை பரோட்டா சாப்பிட்டிருந்தால், அதில் உள்ளூர் முட்டை இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காய்கறியில் உள்ளூர்ப் பங்கு சுமார் 3 விழுக்காடுதான்.

முட்டைக்கு முடிந்தது கீரைக்கு ஏன் முடியவில்லை?

முட்டையைப் பெரிய அளவில் உற்பத்தி செய்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய பண்ணைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. வீடு, காப்பிக்கடை, ரொட்டிக்கடை என்று எல்லாருக்கும் தினமும் முட்டை வேண்டும். இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். விற்பனை நிச்சயம் என்பதால் இயந்திரச் செலவு லட்சக்கணக்கான முட்டைகளுக்குப் பிரிந்துவிடுகிறது.

கீரையின் கதை வேறு. சில நாளில் வாடிவிடும். கேமரன் மலையிலும் ஜொகூரிலும் நிலமும் ஆள்கூலியும் மலிவு. அங்கே பறித்த காய்கறி லாரியில் ஏறி, கடற்பாலத்தைத் தாண்டி நம் சந்தைக்கு வந்துவிடுகிறது. இங்கோ வேளாண்மைக்குக் கிடைப்பது மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால்தான் சில பண்ணைகள் கட்டடத்துக்குள் போயின. அடுக்கடுக்காகத் தட்டுகள், சூரியனுக்குப் பதில் எல்இடி விளக்கு, கூடவே குளிரூட்டி. மின்கட்டணம் ஏறியபோது அந்தப் பண்ணைகள் திணறின. சில மூடியேவிட்டன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். "உள்ளூர்" என்றாலே "பசுமை" ஆகிவிடாது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. விளக்கில் வளர்ந்த கீரைக்கும் கரியமிலக் கணக்கு உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, பூச்சிக்கொல்லி தேவைப்படுவதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

அப்படியானால் மலேசியக் கீரையே போதுமே?

சாதாரண நாளில் போதும். நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் இங்கே பேரங்காடிகளில் நின்ற வரிசை ஞாபகம் இருக்கிறதா? 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நம் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. நமக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. மூடிய பண்ணையை நெருக்கடி வந்தபிறகு ஒரே வாரத்தில் திறந்துவிட முடியாது. தேர்ந்த ஆள்களும் கலைந்து போயிருப்பார்கள்.

2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வது என்று 2019இல் இலக்கு வைத்தோம். 2025 நவம்பரில் அதை மாற்றினார்கள். இப்போதைய இலக்கு 2035ஆம் ஆண்டுக்கு: நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு. நார்ச்சத்து என்பதில் காய்கறியோடு தவுகே, காளான் ஆகியவையும் சேரும். அந்தக் கணக்கில் 2024இல் நாம் 8 விழுக்காட்டில் இருந்தோம். தவுகேயைச் சேர்த்தது எண்ணைப் பெரிதாக்கும் தந்திரமோ என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. மீ கோரெங்கில் கிடக்கும் தவுகேக்கு வெயில் வேண்டாம், விளக்கும் வேண்டாம். இங்கேயே மலிவாக வளரும்.

பணம் எங்கே போகவேண்டும்?

2021இல் பண்ணைகளுக்கென 60 மில்லியன் வெள்ளி நிதி அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பத்துக்கும் உற்பத்தியைக் கூட்டவும் அது உதவும். ஆனால் இயந்திரத்துக்கு மானியம் கிடைத்தாலும், விளைந்த கீரையை யார் வாங்குவது? அம்மா திருப்பி வைத்த பொட்டலத்தின் பிரச்சினை அதுதான்.

பிரேசில் வேறு முனையிலிருந்து தொடங்கியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்பப் பண்ணைகளிடம் செலவிடவேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டார்கள். பயிரிடும்போதே வாங்க ஆள் உண்டு என்று விவசாயிக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் இலவசமாக நல்ல சாப்பாடு.

நமக்கு அத்தனை குடும்பப் பண்ணைகள் இல்லை. ஆனால் மருத்துவமனை, ராணுவ முகாம், பள்ளி என்று பெரிய சமையலறைகள் இருக்கின்றன. அவை ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டு வாங்கினால் பண்ணை பெரிய அளவில் விளைவிக்கலாம். முட்டையைப் போலவே ஒரு கட்டின் செலவு குறையும். பல பண்ணைகளின் விளைச்சலை ஒன்றுசேர்த்து மொத்தமாக விற்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. பல பண்ணைகள் ஒரே கட்டடத்தில் வசதிகளைப் பகிர்ந்துகொள்ளும் யோசனையையும் அரசாங்கம் ஆராய்கிறது. எனக்குக் கேட்டால் முதலில் வரவேண்டியது ஒப்பந்தம், கட்டடம் அதற்குப் பிறகு.

உணவகங்களுக்கும் ஒரு திட்டம் உண்டு. முட்டை, மீன், காய்கறி போன்ற பிரிவுகளில் ஏதேனும் ஒன்றில் குறைந்தது 15 விழுக்காட்டை உள்ளூரில் வாங்கினால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அங்கீகாரச் சின்னம் கிடைக்கும். முட்டையை வைத்தே ஒரு பிராட்டா கடை தகுதிபெறலாம்.

எங்கள் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான். அம்மாவுக்கு முருங்கைக்கீரை அங்கிருந்துதான். காசு வாங்கமாட்டார்கள். ஆனால் சனிக்கிழமை தண்ணீர் ஊற்ற அம்மாவின் முறை. போன வாரம் என்னை அனுப்பிவிட்டார்.