முதுகுக்குப் பின்னால் மோட்டார் பந்தயம்!

தண்டையார்பேட்டைக்காரர்களுக்குக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டை ரெயில்வே கேட்டில் காத்து நின்று, காத்து நின்று, பச்சைக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் அர்த்தம் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம்!

ஆனால், மஞ்சள் கொடிக்கு என்ன அர்த்தம்? நீலக் கொடிக்கு?

இவை மோட்டார் பந்தயக் கொடிகள். இவற்றைப் பிடித்துக்கொண்டு பாதை ஓரத்தில் நிற்பவர்களுக்கு "மார்ஷல்" என்று பெயர். சம்பள உத்தியோகம் அல்ல. பந்தயத்தின் மேல் உள்ள ஆசையால் தொண்டு செய்ய வருகிறவர்கள். கல்லூரி மாணவர் உண்டு. மெக்கானிக் உண்டு. ஆபீசில் பேனா பிடிப்பவரும் உண்டு. பெண்களும் வருகிறார்கள்.

சோழவரம் நாட்கள்

வட சென்னைக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் பழைய சொந்தம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. விமானம் ஓடிய இடத்தில் கார்கள் ஓடின. மோட்டார் சைக்கிள்கள் பறந்தன. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள்.

இந்தப் பகுதி மக்களுக்கு எஞ்சின் சத்தம் புதிதா என்ன? 1955-ல் உருவான என்பீல்டு கம்பெனி திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்தது. சத்தத்தைக் கேட்டே "இது இன்ன வண்டி" என்று சொல்லக்கூடியவர்கள் வீதிக்கு வீதி இருந்தார்கள்.

1990-ல் கிளப்புக்குச் சொந்தமான பாதை, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போக வேண்டுமானால் நகரத்தையே கடக்க வேண்டும். மார்ஷல் வேலைக்குப் போகிறவர் கோழி கூவும் முன்பே எழுந்தாக வேண்டும்!

உடுப்பிலும் கட்டுப்பாடு உண்டு. நைலான் சட்டை கூடாது; தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பருத்திதான் நல்லது. சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டையும் ஆகாது. ஏன் தெரியுமா? வேகமாக வரும் டிரைவர் அதைக் கொடி என்று நினைத்துவிடுவார்!

இரண்டு பேர், நாலு கண்

கொடி காட்டும் இடத்தில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருவர் கார்கள் வரும் திசையைப் பார்க்கிறார். அவர் கையில் நீலக் கொடி. "பின்னால் உன்னைவிட வேகமான கார் வருகிறது, வழி விடு" என்று அர்த்தம்.

மற்றவர் கார்கள் போகும் திசையைப் பார்க்கிறார். அவர் கையில் மஞ்சள் கொடி. அவர் முன்னே ஒரு கார் சறுக்கிச் சுழன்று நின்றால், உடனே கொடி ஆடும். "ஆபத்து! வேகத்தைக் குறை. யாரையும் முந்தாதே!"

ஒன்றைக் கவனித்தீர்களா? மஞ்சள் கொடிக்காரருக்கு, வருகிற கார்கள் தெரியாது. அவை அவர் முதுகுக்குப் பின்னால் வருகின்றன. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 50 மீட்டர்! அந்தக் கார் பாதை தவறி அவர் பக்கம் பாய்ந்தால், "ஓடு!" என்று கத்த வேண்டியவர் நீலக் கொடிக்காரர்தான். அவர் முதுகுக்கு இவர் காவல். இவர் முதுகுக்கு அவர் காவல். காலையில்தான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். மாலை வரை ஒருவர் உயிர் மற்றவர் கண்ணில்!

சிவப்புக் கொடி பந்தயத்தையே நிறுத்துவது. அதை மார்ஷல் தம் இஷ்டத்துக்குக் காட்ட முடியாது. மேலிடத்து உத்தரவு வர வேண்டும்.

பத்தொன்பது வயது

உத்தரவில்லாமல் பாதையைக் கடக்கவும் கூடாது. 1977 மார்ச் 5-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் கயலாமி என்ற இடத்தில் பெரிய பந்தயம். எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்று தீப்பிடித்தது. 19 வயது மார்ஷல் ஒருவர் தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினார். மேட்டுக்கு அப்பால் வந்த கார்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கார் மோதியது. பையன் இறந்தான். அவன் கையிலிருந்த கருவி தாக்கி, அந்தக் காரை ஓட்டிய டாம் பிரைசும் மாண்டார். காப்பாற்றத்தான் ஓடினான், பாவம்!

2001-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், காரிலிருந்து கழன்ற சக்கரம் வேலியின் இடைவெளியில் புகுந்து ஒரு தொண்டரைக் கொன்றது. அவர் ஓடவும் இல்லை, தவறு செய்யவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றார், அவ்வளவுதான்.

நாயும் உண்டு

சிரிப்புக்கும் குறைவில்லை. 2011-ல் டெல்லிக்கு அருகே, இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயம். கோடிக்கணக்கில் செலவு. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் பயிற்சியின்போது தெருநாய் ஒன்று பாதைக்குள் ஓடி வந்துவிட்டது! சிவப்புக் கொடி காட்டி, கார்களை நிறுத்தி, நாயை விரட்டினார்கள்.

கோல்ப் பந்தயத்திலும் இப்படித் தொண்டர்கள் இருக்கிறார்கள். அங்கே மார்ஷல் இரண்டு கைகளையும் உயர்த்தினால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். இங்கே கையை உயர்த்தி என்ன பயன்? எஞ்சின் கேட்குமா? அதனால்தான் கொடி.

கட்டம் போட்ட கொடி விழுந்து பந்தயம் முடிந்ததும், கார்கள் மெதுவாக ஒரு சுற்று வரும். அப்போது மார்ஷல்கள் கையிலுள்ள கொடிகளை எல்லாம் சேர்த்து ஆட்டுவார்கள். டிரைவர்கள் கையைத் தூக்கி நன்றி சொல்வார்கள். கறுத்த முகத்துடன் நிற்கும் கொடிக்காரருக்கு அதுதான் சம்பளம்.

நாள் முழுதும் அவர் பார்த்தது ஒரே ஒரு வளைவைத்தான். "ஜெயித்தது யாரப்பா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். அவருக்கும் தெரியவில்லை!