பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசையா? முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இண்டர்நெட் கனெக்ஷன் வாங்கியாச்சு. மெயில் பார்க்கிறேன், படம் பார்க்கிறேன். வேற என்னதான் செய்றது?" அவர்களுக்கு என் சொந்த அனுபவத்தையே பதிலாகச் சொல்கிறேன். தாம்பரத்தில் வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே 25 ஆயிரம் ரூபாயை நான் காப்பாற்றிக்கொண்ட கதை இது.

எனக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை. நீளமான பானெட், வெளியே துருத்திக் கொண்டிருக்கும் மட்கார்டு, இரண்டே சீட், மேலே திறந்த கூரை! இங்கிலாந்தில் 1953 முதல் 1955 வரை தயாரான எம்ஜி டிஎஃப் போன்ற கார்கள்தான் என் கனவு. அசலுக்கு நம்மால் விலை கொடுக்க முடியாது. எனவே ரெப்ளிகா, அதாவது அசலைப் போலவே செய்த நகல் கார் தேடினேன். வேறு ஒரு காரின் சேசிஸ், என்ஜினை எடுத்துக்கொண்டு, மேலே பழைய காரின் வடிவத்தில் ஃபைபர் கிளாஸ் பாடியைப் பொருத்திவிடுவார்கள். பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கார் வந்திருக்கிறது. மகாராஷ்டிராவில் அலிபாக் பக்கத்திலிருந்து 2000-களில் சிங்காரா ரோட்ஸ்டர் என்ற இரண்டு சீட் கார் வந்தது. காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் சாயல். உள்ளே இருப்பது அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜின்! சான் ஸ்டார்ம் என்று இன்னொன்றும் வந்தது. ஆனால் அது எதன் நகலும் அல்ல, தனி டிசைன். இரண்டுமே விற்பனைக்குக் கிடைப்பது அபூர்வம்.

பெருங்களத்தூர் தொடர்பு

இங்கே நம்ம ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1959-ல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டு கார், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. டிசைன் செய்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. நம் ஊரில் மட்டும் இதற்கு நான்கு கதவு மாடலும் உண்டு. அதன்பின் கேசல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, 1988-ல் தொழிற்சாலையே நின்றுபோனது.

இதற்கும் ரெப்ளிகாவுக்கும் என்ன சம்பந்தம்? மாருதி 800 போன்ற கார்களில் பாடியும் சேசிஸும் ஒன்றே. பாடியைக் கழற்றினால் கார் இல்லை. ஹெரால்டு அப்படி அல்ல. இரும்புச் சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டுகளைக் கழற்றி பாடியைத் தூக்கிவிட்டால் என்ஜின், சக்கரம், ஸ்டியரிங் எல்லாவற்றுடனும் சேசிஸ் அப்படியே நிற்கும். அதனால்தான் இங்கிலாந்தில் ஜென்ட்ரி, ஸ்பார்ட்டன் போன்ற பழைய தோற்றமுள்ள கிட் கார்கள் இதே டிரையம்ஃப் சேசிஸ் மேல் கட்டப்பட்டன. நம்ம பெருங்களத்தூர் ஹெரால்டுக்கும் அதே சட்டம்தானே! அது ஒன்றே என் ஆசையைத் தூண்டிவிடப் போதுமானதாக இருந்தது.

முதல் கார்: படத்தில் மட்டும் இருந்தது

பழைய பொருட்கள் விற்கும் தளம் ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். சிவப்பு நிறம், எம்ஜி டிஎஃப் தோற்றம், 'இடம்: மேடவாக்கம், விலை 4,75,000 ரூபாய்'. போன் செய்தால், "நான் ராணுவத்துல இருக்கேன் சார், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு. நாளைக்குள்ள வேற பார்ட்டி வர்றாங்க. 25 ஆயிரம் அட்வான்ஸ் அனுப்பிட்டா உங்களுக்குத்தான்" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது உண்மை. ஆனாலும் கம்ப்யூட்டர் பக்கம் போனேன்.

நான் செய்ததை நீங்களும் செய்து பாருங்கள். கூகுள் குரோம் பிரவுசரில் அந்தப் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் மெனுவில் கூகுள் லென்ஸ் மூலம் தேடுவதற்கான வரி இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அதே படம், அல்லது அதைப் போன்ற படம், வேறு எந்தெந்தத் தளங்களில் இருக்கிறது என்று பட்டியல் வரும். வேறு பிரவுசர் வைத்திருப்பவர்கள், படத்தை முதலில் டெஸ்க்டாப்பில் சேவ் செய்து கொள்ளுங்கள். பிறகு கூகுள் இமேஜஸ் பக்கத்தில் தேடும் கட்டத்தின் ஓரமாக உள்ள கேமரா படத்தைக் கிளிக் செய்து, சேவ் செய்த ஃபைலைக் காட்டினால் போதும்.

எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அதே சிவப்பு கார், அதே செங்கல் சுவர், அதே ஈரமான தரை. எல்லாம் இங்கிலாந்தில் எப்போதோ விற்றுப்போன ஜென்ட்ரி காரின் படங்கள்! திரும்ப விளம்பரத்தைப் பார்த்தேன். நம்பர் பிளேட்டை மங்கலாக்கி இருந்தார்கள். ஆனால் நிறத்தை மறைக்கவில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். அது இங்கிலாந்து முறை. நம் ஊரில் சொந்தக் காருக்கு முன்னும் பின்னும் வெள்ளைதான். இதை முதலிலேயே கவனிக்காத என்னை என்ன சொல்வது!

மறுபடி போன் செய்து, "வண்டியை நேர்ல பார்த்துட்டு பணம் தர்றேன்" என்றேன். அவர் உடனே பேச்சை மாற்றி, "அப்ப நான் ஒரு க்யூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க அக்கவுண்ட்டுக்கு டெஸ்ட்டா ஒரு ரூபாய் வரும், நம்பிக்கை வரும்" என்றார். இதைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டி வையுங்கள்: யுபிஐயில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். ஒருவேளை ஏமாந்துவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கார்: நிஜமாகவே இருந்தது

ஒரு மாதம் கழித்து, நண்பர் மூலம் செம்பாக்கத்தில் ஒரு வண்டி இருப்பது தெரிந்தது. ஹெரால்டு சேசிஸ் மேல் கட்டிய இரண்டு சீட் ரெப்ளிகா. பச்சை நிறம். படங்களை அனுப்பச் சொன்னேன். இந்த முறை ஒரு சின்ன தந்திரம் செய்தேன். "வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாகுமெண்ட்டா அனுப்புங்க, இல்லாட்டி மெயில்ல போடுங்க" என்றேன். ஏன்?

டிஜிட்டல் கேமராவும் செல்போனும் படம் எடுக்கும்போது, எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் ஆகியவற்றையும் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் இவற்றை அழித்துவிடும். டாகுமெண்ட்டாக வந்தால் அப்படியே இருக்கும். விண்டோஸில் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். டீட்டெய்ல்ஸ் என்ற டேபில் எல்லாம் தெரியும். முந்தின நாள் மாலை எடுத்த படங்கள் என்று காட்டியது. இந்த விவரங்களை மாற்றவும் முடியும் என்பதால் இதை மட்டுமே நம்பக் கூடாது. கூகுள் லென்ஸிலும் தேடினேன், வேறெங்கும் இந்தக் கார் இல்லை. நல்ல அறிகுறி.

அடுத்தது அரசின் பரிவாகன் தளம். பரிவாகன் டாட் ஜிஓவி டாட் இன் என்று முகவரியைச் சரியாக டைப் செய்யுங்கள். தேடலில் வரும் முதல் லிங்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்யாதீர்கள், போலித் தளங்கள் உண்டு. வாகன விவரம் அறியும் பகுதிக்குப் போய், உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். பிறகு வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால், பதிவான அலுவலகம், தேதி, மாடல், எஃப்சி, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் திரையில் வரும். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். விற்பவர் சொல்லும் பெயரோடு ஒப்பிட அதுவே போதும். டிஎன் 11 என்றால் தாம்பரம், டிஎன் 22 என்றால் மீனம்பாக்கம். மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பழைய பதிவெண்கள் பல கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கும். அப்படியானால் வண்டி திருட்டு வண்டி என்று அர்த்தமில்லை. ஆர்டிஓ அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டும், அவ்வளவுதான்.

செம்பாக்கம் வண்டி ஏறியிருந்தது. பெயர் பொருந்தியது. சந்தோஷமாக ஆர்சி நகலை வாங்கி ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். பாடி வகை: சலூன். இருக்கை: 4. ஆனால் நிற்பதோ திறந்த இரண்டு சீட் கார்!

"இதை ஆர்சியில மாத்தலையா சார்?"

"முப்பது வருஷமா ஓட்டுறேன் தம்பி, யாரு கேட்டாங்க?"

அவர் பொய்யர் அல்ல, கார் பைத்தியம். என்னைப் போல. அவர் மீது எனக்கு மரியாதைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். நாளை ஜிஎஸ்டி சாலையில் யார் மீதாவது மோதிவிட்டால், பாலிசியில் இருக்கும் காரும் ரோட்டில் இருக்கும் காரும் வேறு வேறு. கம்பெனி கை விரித்தால் நஷ்டஈடு என் வீட்டிலிருந்துதான் போகும்.

வின்டேஜ் என்று பதியலாமே என்றும் யோசித்தேன். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் தருகிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும். சேசிஸுக்கு 50 வயதானாலும் பாடி புதிது, எனவே கிடைக்காது. தினசரி ஓட்டவும் அனுமதி இல்லை. சரி, புதிய மாடலாக அனுமதி வாங்கினால்? ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற இடங்களில் செய்யும் சோதனைகள் கார் கம்பெனிகளுக்கானவை. தனி ஆளின் பட்ஜெட்டுக்குள் வராது. வெளிநாட்டிலிருந்து பழைய ரெப்ளிகாவை இறக்கலாம் என்றால், பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை குறுக்கே நிற்கிறது.

எக்ஸெல்லில் ஒரு ஷீட் திறந்து கணக்கும் போட்டிருந்தேன். ஏ காலத்தில் செலவின் பெயர், பி காலத்தில் தொகை. வண்டி விலை, டயர், ஒயரிங், பெயர் மாற்றம், எஃப்சி என்று வரிசையாக எழுதி, கடைசிக் கட்டத்தில் நின்று ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் கூட்டுத்தொகை வந்துவிடும். ஒவ்வொரு தொகையையும் மாற்ற மாற்ற மொத்தமும் தானாக மாறும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆஃபீஸை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லா வரியும் நிரம்பியது. 'விபத்து நடந்தால்' என்ற வரிக்கு மட்டும் எந்தத் தொகையைப் போடுவது என்று தெரியவில்லை. செம்பாக்கத்துக்காரருக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காபி சாப்பிட வாங்க என்றார்.

இப்போது என் டெஸ்க்டாப்பில் 'ஹெரால்டு' என்று ஒரு போல்டர் இருக்கிறது. பாடி மாற்றாத, நான்கு கதவு, வெளுத்த நீல நிறம். குரோம்பேட்டையில் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறது. ஆர்சியும் படமும் பொருந்துகின்றன. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்ஜின் பிளாக்கில் பொறித்த எண்ணின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கவேண்டும், இரும்பில் எங்கெல்லாம் புட்டி பூசியிருக்கிறார்கள் என்று பார்க்க ஃபிரிட்ஜ் கதவிலிருக்கும் காந்தத்தையும் எடுத்துப் போகவேண்டும்.