படம் தெரிந்ததும் எழுந்துவிடாதீர்கள்: பழைய கணினியில் கண்காணிப்புக் கேமரா



கோப்பெங் பக்கம் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் மண்டபத்தில் சென்ற ஆண்டு இரண்டு கணினிகள் காணாமல் போயின. "கேமரா போடுங்க டீச்சர்" என்றார்கள் பெற்றோர். கையில் பணம் குறைவு. இருந்தது ஒரு பழைய மேசைக் கணினி. அதில் லினக்ஸ் போட்டு, ஸோன்மைண்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். நான் தமிழ் ஆசிரியை, கணினித் துறையில் படித்தவள் இல்லை. எனக்கே முடிந்தது என்றால் உங்களுக்கும் முடியும். ஆனால் நான் செய்த ஒரு தவற்றை நீங்கள் செய்யக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஸோன்மைண்டர் பிறந்ததற்குப் பின்னாலும் ஒரு திருட்டு உண்டு. பிலிப் கூம்ப்ஸ் என்பவரின் கார் கொட்டகையை உடைத்துக் கருவிகளைத் திருடிப் போனார்கள். அதன் பிறகு அவர் எழுதத் தொடங்கியதே இது. திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது? கேமரா வலையமைப்பு வழியாகப் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர் அதாவது வழங்கி, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். நாம் குறித்த பகுதியில் மாற்றம் தெரிந்தால் அதை ஒரு நிகழ்வாகப் பதிவு செய்யும்.

இனி நிறுவும் வரிசை:

1. டெபியன் அல்லது உபுண்டு சர்வரைப் போடுங்கள். வழங்கிக்கும் கேமராக்களுக்கும் ரவுட்டரில் மாறாத முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் கேமராவைக் காணோம்னு தேடணும்.

2. அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி தரவுத்தளம் ஆகியவற்றை முதலில் நிறுவி, பிறகு ஸோன்மைண்டர் தொகுப்பை நிறுவுங்கள்.

3. பிஎச்பி அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றுங்கள். உலகப் பொது நேரத்திலேயே விட்டால் 8 மணி நேரம் பின்தங்கும். இரவு 7 மணிக்கு நடந்தது காலை 11 என்று காட்டும். அப்படிப்பட்ட பதிவைப் போலீசில் கொடுத்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

4. உலாவியில் ஸோன்மைண்டர் பக்கத்தைத் திறந்து கேமராவின் முகவரியைச் சேருங்கள். மரக்கிளை ஆடும் இடத்தைக் கண்காணிப்புப் பகுதியிலிருந்து விலக்குங்கள். நம்ம ஊர் மழைக்கு அது ஆடிக்கொண்டே இருக்கும்.

5. வன்தட்டுக் கணக்கைப் போடுங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமராவை நாள் முழுக்கப் பதிவு செய்ய 21.6 ஜிகாபைட் வேண்டும். 4 கேமராவுக்கு 86.4 ஜிகாபைட். 1 டெராபைட் வன்தட்டு 12 நாள் கூடத் தாங்காது. ஆகவே அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் வடிகட்டி இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

படம் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினோம். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன். தவறு அங்கேதான்.

மறுநாள் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் தன் கைப்பேசியை நீட்டினான். "டீச்சர், நம்ம கிளாஸ் இதுல தெரியுது." மண்டபத்து வைஃபையில் இருந்த யாரும் பார்க்கலாம்! ஸோன்மைண்டரின் பல பதிப்புகளில் உள்நுழைவுச் சோதனை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். நாம்தான் அமைப்புப் பக்கத்தில் அதை இயக்க வேண்டும். பிள்ளைகளைக் காக்க வைத்த கேமரா, பிள்ளைகளை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே 6-ஆவது படிதான் முக்கியம். உள்நுழைவை இயக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், கேமராவின் கடவுச்சொல்லையும் மறக்காதீர்கள். தொழிற்சாலை வைத்த கடவுச்சொல் மாறாத கேமராக்களைத்தான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அந்த அக்டோபரில் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமானால் வழங்கியை நேராக இணையத்தில் திறந்துவிடாமல் விபிஎன் வழியாகப் பாருங்கள்.

தேர்வு மாணவர்களே, 'பள்ளிக்குக் கண்காணிப்புக் கேமரா தேவையா?' என்று விவாதக் கட்டுரை எழுதும்போது, "திருட்டு குறையும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, எங்கே கேமரா வைக்கக்கூடாது என்றும் கேளுங்கள். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. சட்டம் கேட்காத இடத்தில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் மண்டபத்தில் இப்போது வாசலில் அறிவிப்புப் பலகை உண்டு. பதிவைப் பார்க்க இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. 14 நாளில் பதிவு அழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிரக்கூடாது என்பது விதி. காணாமல் போன கணினிகள் திரும்பி வரவில்லை. ஆனால் பிள்ளைகளின் முகம் இனி அந்நியர் கைக்குப் போகாது.