ஃபிரிட்ஸ் ஹேபரைத் தமிழில் எழுதுதல்: அடையாளமும் செயலும்

முன்னுரை

அறிவியலாளர் வரலாற்றைத் தமிழில் எழுதுங்கால் அது புகழுரையாகவோ குற்றப்பட்டியலாகவோ அமைந்துவிடுவதைக் காண்கிறோம். நன்மையும் தீமையும் ஒரே அறிவிலிருந்து விளைந்த ஒருவரை விளக்க இவ்விரண்டுமே போதா. அத்தகையோரின் கருத்துகளையும் அடையாளத்தையும் நடுநிலையோடு எடுத்துரைப்பது எவ்வாறு என்பதை, வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபரை (1868–1934) முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்கிறோம். அம்மோனியா தயாரிப்பு முறை இவர் பெயராலேயே பாடநூல்களில் இடம்பெறுவதால், இவரைப் பற்றிய குறிப்பெழுதும் தேவை ஆசிரியர்களுக்கும் அகராதி, கலைக்களஞ்சியப் பணியில் ஈடுபடுவோருக்கும் நேர்கிறது.

அடையாளத்தைக் குறித்தல்

ஹேபர் பிரஷ்ய நாட்டின் பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1892இல் லுத்தரன் கிறித்துவத்தைத் தழுவினார். தம்மை ஜெர்மானியராகவே கருதி வாழ்ந்தார். 1933 ஏப்ரலில் நாஜி அரசு இயற்றிய அரசுப் பணியாளர் சட்டமோ அவரை ‘ஆரியரல்லாதார்’ என வகைப்படுத்தியது. பிறப்பு, ஏற்றுக்கொண்ட சமயம், தம்மைத் தாமே உணர்ந்த வகை, அரசு சுமத்திய பெயர் என நான்கு செய்திகள் இங்கு உள்ளன. தமிழில் ‘யூதர்’ என்னும் ஒரே சொல் மரபினத்தையும் சமயத்தையும் ஒருங்கே குறிப்பதால், ‘ஹேபர் ஒரு யூதர்’ என்று மட்டும் எழுதினால் இந்நான்கும் ஒன்றாகக் கலந்துவிடும். ‘யூதக் குடும்பத்தில் பிறந்து 1892இல் கிறித்துவத்தைத் தழுவிய ஜெர்மானிய வேதியியலாளர்’ என்பது சற்று நீண்டதாயினும் பிழையற்றது.

பிறந்த ஊரைக் கொண்டு அவரைப் போலந்து அறிஞர் என்பதும் பொருந்தாது. பிரெஸ்லாவ் போலந்தின் விராத்ஸ்வாஃப் ஆனது 1945இல். அப்போது ஹேபர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

சர்ச்சைக்கு அஞ்சி யூதப் பிறப்பைக் குறிப்பிடாமல் விடுவதும் நேர்மையன்று. முதல் உலகப்போருக்கு முன்பே அரசுப் பணியில் இருந்தோருக்கு அச்சட்டம் விலக்களித்ததால், ஹேபர் பதவியில் நீடித்திருக்க இயலும். ஆயினும், தம் ஆய்வுநிலையத்தின் யூதப் பணியாளர்களை நீக்க வேண்டிய நிலையில், உடன் பணியாற்றுவோரைத் திறமையும் பண்பும் நோக்கியே தாம் தேர்ந்ததாகத் தெரிவித்து, 1933 ஏப்ரல் 30 அன்று பதவி விலகல் கடிதம் அளித்தார். அடுத்த ஆண்டு சனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காலமானார். பிறப்பைக் கூறாவிடின் இம்முடிவு விளங்காது. ஆகவே, அடையாளம் எந்நிகழ்ச்சியை விளக்குகிறதோ அந்நிகழ்ச்சியோடு சேர்த்து அதனைக் கூறுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

செயலும் கருத்தும்

1909இல் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் இணைத்து அம்மோனியா உருவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதனைத் தொழில்முறையாக வளர்க்க, 1913இல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே அம்மோனியா வயலுக்கு உரமாகவும் போருக்கு வெடிமருந்தாகவும் பயன்பட்டது. 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரின் வாயு, உருளைகளிலிருந்து எதிரணியை நோக்கித் திறந்துவிடப்பட்டது. அத்திட்டத்தை வகுத்தவரும் போர்முனையில் நின்று நெறிப்படுத்தியவரும் ஹேபரே. எம்முறையில் நேரினும் இறப்பு இறப்பே என்று பின்னாளிலும் அவர் வாதிட்டார். 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அம்மோனியா ஆக்கத்திற்காக 1919இல் அறிவிக்கப்பட்டபோது கண்டனங்கள் எழுந்தன. இவை யாவும் கூறப்பட வேண்டியவை.

கூறுவதற்கு எல்லையும் உண்டு. அவர் மனைவி கிளாரா இம்மர்வார், தாமும் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர், 1915 மே 2 அன்று தற்கொலை செய்துகொண்டார். நச்சுவாயுவை எதிர்த்தே உயிர்நீத்தார் எனப் பலர் உறுதியாக எழுதுகின்றனர். அவருடைய இறுதிக் கடிதம் எதுவும் கிடைக்காத நிலையில், இதனை ஒரு கருத்தாகக் கூறலாமேயன்றி நிகழ்ந்த உண்மையாகக் கூறுதல் முறையன்று.

ஹேபரின் ஆய்வுநிலையத்தோடு தொடர்புடைய பூச்சி ஒழிப்பு ஆய்விலிருந்து வளர்ந்த சயனைடுத் தயாரிப்பே, 1941 முதல் ஆஷ்விட்சில் மக்களைக் கொல்லப் பயன்பட்டது. அதற்கு ஏழாண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார். ‘யூதரைக் கொன்ற வாயுவை யூதரே படைத்தார்’ எனும் தொடர் கேட்போரை வியக்கவைக்கும். ஆனால் கொன்றவர்களை மறைத்து, கொல்லப்பட்ட இனத்தின்மீதே பழியைச் சாய்த்துவிடும்.

தமிழ்த் தொடரமைப்பில் கவனிக்க வேண்டியவை

தமிழில் அடைகள் பெயருக்கு முன் வருவதால், ‘நச்சுவாயுப் போரை நடத்திய யூத வேதியியலாளர்’ என்னும் தொடரில் இனமும் குற்றமும் காரண காரியம்போல் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் வைத்தல் நலம்.

செயப்பாட்டு வினையும் ஏமாற்றக்கூடியது. ‘வாயு திறந்துவிடப்பட்டது’ என மேலே நாம் எழுதியதோடு நிறுத்தியிருந்தால் செய்தவர் மறைந்திருப்பார்; அடுத்த வாக்கியம் அதற்காகவே தேவைப்பட்டது.

‘வேதியியல் போரின் தந்தை’ என்னும் வழக்கில், தமிழில் மதிப்புப் பட்டமாக வழங்கும் ‘தந்தை’ போற்றுதலாக ஒலிக்கிறது. ‘பெருமளவிலான நச்சுவாயுத் தாக்குதலை வகுத்தவர்’ என்பதே தெளிவு.

உரத்தைப் பற்றி எழுதும்போது ‘கண்டறிந்தார்’ என்றும் போரைப் பற்றி எழுதும்போது ‘கொன்றான்’ என்றும் விகுதியை மாற்றுவது, சான்று தராமலேயே தீர்ப்பளிப்பதாகும். மரியாதைப் பன்மை இறுதிவரை ஒரே சீராக அமைதல் வேண்டும்.

முடிவுரை

நடுநிலை என்பது நன்மையையும் தீமையையும் சம எடையில் நிறுத்துக் காட்டுவதன்று. எச்செய்தி எவ்வாண்டினது, எப்பெயரை இட்டவர் யார், எச்செயலுக்கு அவர் பொறுப்பு, எதற்குப் பொறுப்பல்லர் என்பனவற்றைப் பிரித்துக் காட்டுவதே அது. அவ்வாறு எழுதப்பட்ட ஹேபரின் வரலாறு கடுமையானதாகவே இருக்கும். ஆனால் அக்கடுமை அவர் செய்தவற்றால் அமைந்ததாக இருக்கும், பிறப்பால் அமைந்ததாக இராது. மாணவர் கையில் நாம் தரும் ஒரு பத்திக் குறிப்புக்கும் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.