நீர் அறுத்த மலையும் நீர் காத்த நகரும்

சென்ற கோடை விடுமுறையில் ஆலங்குடியினின்றும் குடும்பத்துடன் புறப்பட்ட யாம், முதற்கண் ஆந்திரத்துக் கண்டிக்கோட்டையை அடைந்தோம். ‘கண்டி’ எனின் தெலுங்கில் மலையிடுக்கு என்பது பொருள். வடபெண்ணையாறு மணலையும் கல்லையும் உருட்டிச் சென்று, எர்ரமலையை நெடுங்காலம் அறுத்தமையால் உண்டாயது அவ்விடுக்கு.

பின்னர் இரயிலேறி, தார்ப் பாலையிலுள்ள ஜெய்சால்மர் சேர்ந்தோம். 1156-ஆம் ஆண்டில் மன்னர் ஜெய்சால் நிறுவிய இந்நகரில் பெய்யும் மழை, எம் புதுக்கோட்டைச் சீமையில் பெய்வதில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே. அதனைத் தேக்கிய கடிசர் ஏரியே பன்னூறாண்டு ஊரார்க்கு உண்ணுநீர் அளித்தது.

விடுத்தால் நீர் கல்லையும் அறுக்கும். காத்தால் பாலையிலும் ஊரை நிறுத்தும். நான்கு மடங்கு மழை பெற்றும், கண்மாய்களும் வரத்துவாரிகளும் தூர்ந்துபோக விட்ட யாம், நாணத்துடன் ஊர் திரும்பினோம்.