கோப்பையை எதை வைத்துக் கொடுப்பது?

லார்ட்ஸ் மைதானத்தில் உலகக்கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். அதே லண்டனின் இன்னொரு பக்கம் விம்பிள்டன் ஆண்கள் இறுதி. சற்றுத் தள்ளி சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ கார் பந்தயம். மூன்றும் ஒரே நாளில், 2019 ஜூலை 14 ஞாயிற்றுக்கிழமை. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற திண்டாட்டம் பிரிட்டனிலேயே இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே கட்டணமில்லாத சேனலில் கிரிக்கெட் வந்த நாள் அது. ஆனால் அந்த சேனல் 4 நிறுவனத்திடமே கார் பந்தய உரிமையும் இருந்ததால், பந்தயம் முடியும்வரை உலகக்கோப்பை இறுதியைத் தன் துணைச் சேனலுக்குத் தள்ளிவிட்டது. நமக்கோ மதியம் மூன்று மணிக்குமேல் தொடங்கி நள்ளிரவுவரை போனது.

அந்த சனி, ஞாயிறு இரண்டு நாட்களைப் பற்றியும் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ஆண்டுகள் ஓடியும் அது மாறவில்லை. தோற்றவர் ஏன் தோற்றார் என்று கேட்டால், ஆட்டத்துக்குள்ளிருந்தே பதில் கிடைக்க வேண்டும். சில்வர்ஸ்டோனில் கிடைத்தது. விம்பிள்டனில் கிடைத்தது. லார்ட்ஸில் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை பெண்கள் இறுதியில் சந்தேகத்துக்கே இடமில்லை. 24-வது கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்காக வந்த செரினா வில்லியம்ஸை சிமோனா ஹாலெப் 6-2, 6-2 என்று 56 நிமிடங்களில் முடித்து அனுப்பினார். அந்த ஆட்டம் முழுவதும் ஹாலெப் தானாகச் செய்த தவறுகள் மூன்றுதான். செரினாவுக்கு அன்று ஆட்டம் கைகொடுக்கவில்லை என்று பேசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த மூலைக்கு அடித்தாலும் பந்து திரும்பி வந்துகொண்டே இருந்தால் யாருக்குத்தான் ஆட்டம் கைகொடுக்கும்? ருமேனியாவிலிருந்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்.

ஞாயிறன்று சில்வர்ஸ்டோனில் முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் வால்ட்டேரி போட்டாஸ். லூயிஸ் ஹாமில்டன் ஆரம்பச் சுற்றுகளிலேயே அவரை முந்த, போட்டாஸ் உடனே இடத்தைத் திரும்பப் பிடித்தார். ஒரே அணிக்காரர்கள் இப்படி விட்டுக்கொடுக்காமல் மோதுவதைப் பார்ப்பதே தனி சுகம். பிறகு போட்டாஸ் டயர் மாற்றப் போனார், ஹாமில்டன் போகாமல் ஓட்டினார். அந்த இடைவெளியில் இன்னொரு ஓட்டுநரான ஜியோவினாட்ஸியின் கார் சுழன்று சரளைக்குள் போய் நின்றது. சேஃப்டி கார் வந்து எல்லோரும் வேகம் குறைத்த நேரத்தில் டயர் மாற்றிக்கொண்ட ஹாமில்டன், முதலிடத்தை இழக்காமலே வெளியே வந்தார். அதிர்ஷ்டம்தான். ஆனால் சேஃப்டி கார் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் எல்லா அணிகளும் திட்டம் போடுகின்றன. அது பந்தயத்துக்கு வெளியிலிருந்து வந்த விஷயம் அல்ல. தவிர, கடைசிச் சுற்றில், தேய்ந்த டயர்களை வைத்துக்கொண்டு அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓட்டிக் காட்டியவரை அதிர்ஷ்டக்காரர் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் அது அவருக்கு ஆறாவது வெற்றி. ஜிம் கிளார்க், அலைன் பிராஸ்ட் இருவரும் வைத்திருந்த ஐந்து என்ற சாதனை அன்று உடைந்தது.

விம்பிள்டனுக்கு வருகிறேன். ஃபெடரர், ஜோகோவிச் இருவரில் நான் ஃபெடரர் பக்கம். 38 வயதுக்குச் சில வாரங்களே இருந்த அந்த மனிதர், ஐந்தாவது செட்டில் 8-7 என முன்னிலையில் சர்வ் போட வந்து, அந்த கேமிலேயே இரண்டு ஏஸ்கள் அடித்து 40-15-க்குக் கொண்டுவந்துவிட்டார். கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட்கள். முதலாவதில் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலையை நோக்கி முன்னேறினார். ஜோகோவிச் ஓடிவந்து குறுக்காக அடித்த ஃபோர்ஹேண்ட் அவரைக் கடந்து உள்ளே விழுந்தது. அரங்கம் முழுக்க ஃபெடரருக்காகக் கத்திக்கொண்டிருந்தபோது எதிரில் நின்றவரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் யார் பக்கம் இருந்தாலும், அந்த மன உறுதிக்கு என் மரியாதை உண்டு.

ஸ்கோர் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. நேரம் 4 மணி 57 நிமிடம். விம்பிள்டன் ஒற்றையர் இறுதிகளிலேயே மிக நீளமானது. மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. பதினான்கு புள்ளிகள் அதிகம் எடுத்தவர் தோற்றிருக்கிறார். இது அநியாயம் என்று ஃபெடரர் ரசிகர்கள் பலர் இன்றும் பொருமுகிறார்கள். ஃபெடரர் ரசிகனாகவே சொல்கிறேன், இதில் அநியாயம் எதுவும் இல்லை. டென்னிஸில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடை கிடையாது. எந்தப் புள்ளி முக்கியம் என்பது இருவருக்கும் ஆடும்போதே தெரியும். அன்று மூன்று டை-பிரேக்குகள் வந்தன, மூன்றையும் ஜோகோவிச் வென்றார். கடைசி செட்டில் 12-12 ஆனால் டை-பிரேக் என்ற விதியும் அந்த ஆண்டுதான் புதிதாக வந்தது. முந்தைய ஆண்டு ஆண்டர்சன், இஸ்னர் அரையிறுதியில் கடைசி செட் 26-24 வரை இழுத்துக்கொண்டு போனதன் விளைவு அது. புதிய விதிதான் என்றாலும், தீர்வு மட்டையும் பந்தும் வைத்து ஆடித்தான் கிடைத்தது.

லார்ட்ஸில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நடந்ததைச் சொல்லும்போது நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டிலிலிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. சில நாட்களுக்குமுன் மான்செஸ்டர் அரையிறுதியில் நேரடி எறிதலால் தோனியை ரன் அவுட் ஆக்கி நம் நெஞ்சில் அடித்தவர் அவர்தான். முந்தைய உலகக்கோப்பையில் அதிக ரன் குவித்தவருக்கு இந்த முறை பேட்டிங் சுத்தமாகக் கைவிட்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் விதி அவரைச் சுற்றியே வந்தது.

நியூசிலாந்து 8 விக்கெட்டுக்கு 241. மெதுவான ஆடுகளம், பெரும்பாலான ரன்கள் ஓடிச் சேர்த்தவை. இங்கிலாந்து விரட்டும்போது 49-வது ஓவரில் ஸ்டோக்ஸ் தூக்கி அடித்ததை லாங் ஆனில் போல்ட் பிடித்தார். பிடித்த வேகத்தில் கால் பவுண்டரி கயிற்றை மிதித்துவிட்டது. பக்கத்தில் நின்ற கப்டில் உடனே இரண்டு கைகளையும் தூக்கி சிக்ஸர் என்று தானே காட்டினார். உலகக்கோப்பை கைநழுவுகிற நேரத்தில், நடுவர் சொல்லட்டும் என்று காத்திருக்காத அந்த நேர்மையை என்னால் மறக்க முடியாது.

கடைசி ஓவரில் 3 பந்துக்கு 9 ரன் தேவை. ஸ்டோக்ஸ் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்குப் பாய்ந்து விழ, கப்டில் எறிந்த பந்து அவர் மட்டையில் பட்டு பவுண்டரிக்கு ஓடியது. ஸ்டோக்ஸ் கைகளை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். நடுவர் குமார் தர்மசேனா 6 ரன் கொடுத்தார். பந்து எறியப்பட்ட கணத்தில் பேட்ஸ்மேன்கள் இருவரும் ஒருவரையொருவர் தாண்டியிருக்கவில்லை. விதிப்படி 5 ரன்தான், அடுத்த பந்தை மறுமுனையில் இருந்த ரஷீத் சந்தித்திருக்க வேண்டும். தர்மசேனா பிறகு தவறை ஒப்புக்கொண்டார். இதற்காக நான் அவரைத் திட்ட மாட்டேன். அந்த நெரிசலில் மனிதக் கண் பிசகுவது இயல்பு. நடுவரின் பிழையும் ஆட்டத்தில் ஒரு பகுதி.

ஆட்டம் 241-க்கு 241 என்று சமன். சூப்பர் ஓவரில் 15-க்கு 15, மறுபடியும் சமன். கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட்டபோது மட்டையோடு நின்றவரும் கப்டில்தான். சிறுவயது விபத்தொன்றில் இடது காலில் மூன்று விரல்களை இழந்தவர், அந்தக் காலோடு உயிரைக் கொடுத்து ஓடினார். ராய் எறிந்த பந்தை வாங்கி பட்லர் ஸ்டம்பைச் சாய்த்தபோது கிரீஸுக்கு இன்னும் தூரம் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணினார்கள். இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. கோப்பை இங்கிலாந்துக்கு.

விதி முன்பே எழுதப்பட்டதுதானே, இரு அணிகளும் ஒப்புக்கொண்டுதானே ஆடின என்று கேட்பார்கள். எழுதப்பட்டதுதான். ஆனால் ஒரு பவுண்டரியின் மதிப்பு, அடித்த நொடியிலேயே 4 ரன்னாக ஸ்கோரில் சேர்ந்துவிடுகிறது. அதே பவுண்டரியை இன்னொரு முறை எண்ணுவது என்ன நியாயம்? பவுண்டரி குறைவு என்றால் மீதி ரன்களை ஓடி எடுத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள். விக்கெட்டை எண்ணியிருந்தால் 8-க்கு 10 என்று நியூசிலாந்து வென்றிருக்கும். அதுவும் எனக்கு வேண்டாம். பவுண்டரிக் கணக்குக்காக ஒரு பந்தைக்கூட யாரும் அன்று ஆடவில்லை.

அதே இரவு, லார்ட்ஸ் ஓய்ந்த பிறகு, கெய்ரோவில் ஆப்பிரிக்கக் கோப்பை கால்பந்து அரையிறுதி. அல்ஜீரியாவும் நைஜீரியாவும் 1-1. கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் நினைத்தபோது 95-வது நிமிடத்தில் ரியாத் மஹ்ரெஸ் ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அடித்தார். நைஜீரியா ஏன் தோற்றது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐ.சி.சி. அந்த அக்டோபரிலேயே விதியை மாற்றியது. இனி ஒருவர் வெல்லும்வரை சூப்பர் ஓவர் தொடரும். நல்லது, ஆனால் நடந்து முடிந்த ஆட்டத்துக்கு அது பதில் ஆகாது. 2002-ல் கொழும்பில் சாம்பியன்ஸ் டிராபி இறுதியை மழை கெடுத்தபோது இந்தியாவும் இலங்கையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஒரு பந்தில்கூட பிரிக்க முடியாத இரண்டு அணிகளுக்கு மட்டும் அது ஏன் முடியாது? இரு கேப்டன்கள் மார்கனும் வில்லியம்சனும் சேர்ந்து அந்தக் கோப்பையைத் தூக்கியிருக்க வேண்டும். சாம்பியன்கள் பட்டியலில் 2019-க்கு நேரே நியூசிலாந்தின் பெயரையும் சேர்த்து எழுத இப்போதும் நேரம் கடந்துவிடவில்லை.